ஏசாத ஓலையை ஏற்காத கோட்டைத் தலைவருக்கு

கடல் தன் எல்லையில் நிற்க. கரை காத்தோர் குடி தழைக்க. மணிநீர் நாட்டு மன்னர் மாறவேள், திருக்குன்றத்தை மீட்கும் அறப்போரில் பகைவர் கைப்பட்ட நாள்முதல் மூவாண்டு நாடாண்ட அரசி கோதைமாதேவி, சங்குமுனைக் கோட்டைத் தலைவர் கண்டன் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. நீரும் நும் மனையாரும், கோட்டைக்குள் பசி பொறுத்த அனைவரும் நலமுறுக.

மன்னர் முத்திரையை மீறியமைக்குத் நும் தலையைக் கொண்டு, கோட்டை மக்களை விட்டருளுமாறு வேண்டி, மதில்மேலிருந்து கயிற்றில் நீர் இறக்கிய ஓலை வந்தது. படித்து அழுதோம். தலையை ஒன்றும் அனுப்ப வேண்டாம். அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

கோட்டையைத் திறந்து பகைவரிடம் ஒப்புவிக்கச் சொல்லி மன்னர் பெயரால் உமக்கு ஓலை வந்ததையும், நீர் அதைப் பொய்யோலை என்று தள்ளியதையும் நாடறியும். அதிலிருந்த மன்னர் கணையாழி முத்திரையோ மெய்யானது. அதை மீறினோர்க்கு மரணம் என்பது நம் வழக்கம். நீர் கூறிய காரணம் அவையில் படிக்கப்பட்டது: முப்பது ஆண்டாக மன்னர் உம்மை ஏசாமல் ஓர் ஓலையும் தொடங்கியதில்லையாம், இதிலோ ‘வீரத் திலகமே’ என்றிருந்ததாம், ஆகவே இது அவர் சொல் அன்றாம். அவையோர் சிரித்தார்கள், நும் தலையையும் கேட்டார்கள். யாம் சிரிக்கவில்லை. அவர் வாயை எம்மைவிட யார் அறிவார்? தீர்ப்பை ஒத்திவைத்தோம். பெண்ணாட்சி இப்படித்தான் என்று முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும் என்றிருந்தோம்.

கோட்டை விழவில்லை. மழையும் காய்ச்சலும் தாளாத பகைவர் முற்றுகையை விட்டு, உடன்படிக்கை செய்து, மன்னரை விடுவித்தனர். நேற்றுக் காலை அரண்மனை வாயிலில் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருக்கிறார், ஆயினும் அவரேதான். அப்பாடா என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம், சாத்தனாரே. அரசி என்பதும் மறந்து போயிற்று.

இனி ஒன்றை மறையாது எழுதுகிறோம். அது பொய்யோலை அன்று. உடன் பிடிபட்ட வீரரை ஒவ்வொருவராய்க் கண்முன் வெட்டியபோது மனம் உடைந்து, மன்னரே சொல்லி எழுதுவித்து முத்திரையிட்டது. அன்று உம்மை ஏச வாய் வரவில்லை என்றும், வெட்கமாக இருந்தது என்றும் சொல்லித் தேம்பினார். அவர் அழுது யாம் அதற்குமுன் பார்த்ததில்லை.

நீர் குற்றமற்றவர் என்று இன்று அவையறிய மன்னர் தீர்ப்பளித்தார். யாம் ஆட்சி முத்திரையைத் திருப்பித் தந்ததும், முதல் ஓலை சாத்தனுக்கே என்றார். பகைவர் போனபின்னும், எம் தூதர் மூவர் வந்து அழைத்தும், சூழ்ச்சி என்றஞ்சி நீர் கதவைத் திறக்கவில்லையாம். ஆதலின் இவ்வோலையை நீர் நம்பும்பொருட்டு, மன்னர் வாய்மொழியை ஓரெழுத்தும் மாற்றாமல் கீழே எழுதுவிக்கிறோம். ஐப்பசித் திங்கள் பத்தாம் நாள், மன்னர் முத்திரையும் எம் கைச்சாத்தும் இட்டது. ஆணை பின்வருமாறு:

அடே எருமைக்கடா! செவிட்டு மூதேவி! கதவைத் திறடா. திறந்துவிட்டுச் சீக்கிரம் புறப்பட்டு வா. உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.