தையல் பிரிக்க வாங்க

மார்ச் 3
டாக்டர் மதியமே கிளம்பிவிட்டார். நான் கிளினிக்கைப் பூட்டும்போது இரண்டு பேர் ஒருவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தோளில் வெட்டு.

"இது போலீஸ் கேஸ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"கண்ணாடி கிழிச்சிருச்சுண்ணே."

கண்ணாடியாம்! காலமெல்லாம் கட்டுப் போடும் கம்பவுண்டருக்கே காது குத்துகிறான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. தைத்தேன்.

அனுப்பும்போது, எல்லோரிடமும் சொல்கிற பழக்கத்தில், "ஒரு வாரம் கழிச்சு தையல் பிரிக்க வாங்க" என்றேன். இந்த வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 10
வந்துவிட்டார்கள். இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு. அவனுக்குக் கையில்.

மார்ச் 19
வீட்டைக் காலி செய்யச் சொல்லி நச்சரித்த வீட்டுக்காரர் இன்று வாசலில் நின்று கும்பிட்டார். "எவ்ளோ நாள் வேணாலும் இருங்க தம்பி. அவங்க உங்க ஆளுங்கன்னு எனக்குத் தெரியாது."

என் ஆட்களா? கட்டுப் போடும்போது வீட்டுக் கவலையைப் புலம்பினேன், அவ்வளவுதான். யாரையும் மிரட்டச் சொல்லவில்லையே!

மனைவிக்கு ஒரே நிம்மதி. அவளிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 2
டாக்டர் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கோபம்கூட இல்லை, பயம். என்னைப் பார்த்து!

ஏப்ரல் 8
கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குகிறேன். எனக்கு முன்னால் என் பேர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 11
என்னிடம் தையல் போட்டுக்கொண்டவர்களின் தலைவரை எல்லோரும் மாமா என்கிறார்கள். "வேலை போச்சாமே? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார்.

முடியாது என்று சொல்லத்தான் போனேன். "இல்ல மாமா..." என்று ஆரம்பித்தேன். மாமா! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12
வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததாக வீட்டில் சொன்னேன். அவள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அழுகை வந்தது.

மே 6
இன்று ஒரு கிடங்குக்குக் கூட்டிப்போனார்கள். பெட்டியைத் திறந்து ஊசி, நூலை எடுத்தேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் மாமா.

நாற்காலியில் ஒருவரைக் கட்டிவைத்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் வீக்கம்.

"இன்னும் வாயத் திறக்கல. இன்னும் எவ்ளோ அடிக்கலாம்னு பாத்துச் சொல்லு. செத்துடக் கூடாது."

ஓடிவிடலாமா? எங்கே ஓட? இவர்களுக்கு என் வீடு தெரியும், மனைவியைத் தெரியும். ஐயோ, நான் என்ன செய்வேன்?

அந்த மனிதர் என் சட்டை நுனியை விரலால் பற்றிக்கொண்டார். "டாக்டர்... சொல்லுங்க டாக்டர்..."

நாடி பார்த்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தாங்குவாரு" என்றேன்.