ஆட்டுக்கு மேல்பல் கிடையாது

9 செப்டம்பர் 2006, சனி

இன்று க்ளினிக்கில் எட்டு நாய்க்கூண்டு கழுவினேன். எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, என்ன கற்றுக்கொண்டேன் என்று தினமும் குறித்துவைக்க வேண்டுமாம். என்ன கற்றுக்கொண்டேன்? லாப்ரடாருக்கு வயிறு கெட்டால் சுவர்வரைக்கும் அடிக்கும். அதை எழுதட்டுமா?

அடுத்த வருடம் அக்டோபருக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இந்த மாநிலத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றே ஒன்று. மார்க் இருக்கிறது என்னிடம். ஆடு மாட்டு அனுபவம்தான் இல்லை. இதே படிப்புக்குக் காத்திருக்கிற ப்ரீ-வெட் க்ளப்பில் என்னைத் தவிர எல்லாருக்கும் இருக்கிறது. ஒருத்தி எட்டு வயதிலேயே செம்மறி வளர்த்துப் பரிசு வாங்கியவளாம். இன்னொருத்தி நடப்பதே குதிரையிலிருந்து இப்போதுதான் இறங்கியவள் மாதிரி. நேற்று அவள் கேட்டாள்: உங்கள் ஊரில் மாடு ரோட்டில் போகுமாமே, அதை அனுபவமாகப் போட்டுக்கொள்ளக் கூடாதா? சிரித்துவைத்தேன். பதிமூன்று வயதுவரை மண்ணடியில் இருந்தேன். மாடு வந்தால் எதிர்ப்பக்கம் ஓடியவள் நான்.

க்ளினிக் டாக்டர் வீலர் சனிக்கிழமைகளில் பண்ணைகளுக்குப் போகிறார். நானும் வரட்டுமா என்றால் "முதலில் கூண்டு" என்கிறார். சூயிங்கம் மெல்கிற அந்த வாயிலிருந்து இரண்டு வார்த்தைக்கு மேல் வராது.

ஷாரிக் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லுக்ஸ் லைக் நூடுல்ஸ்" என்று போட்டுவிட்டுப் போனான். தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதைத் தமிழில் எழுத வேறு காரணமே வேண்டாம்.

4 அக்டோபர் 2006, புதன்

நோன்பு வைத்துக்கொண்டு நாய்க்கூண்டு. நாற்றத்தில் பசியே எடுக்கவில்லை. இந்த அளவில் லாபம்.

நாய் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. நாங்கள் ஷாஃபி மத்ஹப் என்கிற சட்டப் பிரிவு. கீழக்கரையில் இருந்த சட்டம்தான் கடல் தாண்டி வந்த இந்தக் காப்பெலிலும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் உம்மா அதற்காகக் கராஜ் குழாயடியில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு மண் வைத்திருக்கிறார். கடையில் வாங்கிய பூந்தொட்டி மண். இன்று அந்தப் பையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் எழுதியிருக்கிறது: மாட்டுச்சாணம், கோழி எச்சம்.

மூன்று மாதமாகச் சாணத்தைப் போட்டுக் கை கழுவிச் சுத்தமாகியிருக்கிறேன்!

உம்மாவிடம் காட்டினால், "கடைல பாக்கெட்ல தானே வருது, சுத்தமா இருக்காதா?" என்கிறார்.

12 நவம்பர் 2006, ஞாயிறு

பக்கத்து வீட்டு சாரதா ஆன்ட்டி வீட்டில் சாப்பாடு. "ஆஸிபா டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று உம்மா பெருமையாகச் சொன்னார். எந்த டாக்டர் என்பதை வழக்கம்போல் முழுங்கிவிட்டார். ஆன்ட்டி உடனே முழங்காலைக் காட்டினார். நாய்க்கு இப்படி இருந்தால் ஊசி போடுவோம் ஆன்ட்டி, என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா, "மாட்டு டாக்டர்னு வெளிய சொல்லணுமா? அப்புறம் யாரு பொண்ணு கேட்டு வருவா?" மாடு உள்ளவன் வரட்டுமே.

31 டிசம்பர் 2006, ஞாயிறு

பாதி ஊர் நேற்றே ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடிவிட்டது, நாங்கள் இன்று. வருடா வருடம் இதே கூத்து.

ஆடு வளர்த்து விற்கிற ரூத் அம்மாவின் பண்ணையில் குர்பானி அறுக்க நாற்பது குடும்பம். ஆண்கள் சேற்றில், பெண்கள் வேனுக்குள் ஹீட்டர் போட்டு. வாப்பா என்னை மட்டும் பட்டிக்கு இழுத்துப் போனார். "என் பொண்ணு இதுக்குத்தான் படிக்கிறா. அவ பார்த்துச் சொல்வா."

குர்பானி ஆட்டுக்குக் குறை இருக்கக் கூடாது. குருடு, நொண்டி கூடாது. வயது வந்திருக்க வேண்டும், பல் உதிர்ந்திருக்கக் கூடாது. ஒரு அங்கிள், டேட்டாபேஸ் ஆசாமி, ஆட்டின் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அலறினார்: "மேல் பல்லே இல்ல!" அடுத்த ஆட்டைப் பிடித்தார்கள். அதற்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. கிழட்டு ஆடுகளை எங்கள் தலையில் கட்டுகிறாயா என்று ரூத் அம்மாவோடு ஒரே சண்டை. நான் போய்ச் சேரும்போது பதினோரு ஆட்டை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் எம்.எஸ். படித்தவர்கள், வாழ்நாள் முழுக்க ஆடு தின்றவர்கள். ஒருத்தர்கூட அதன் வாயைப் பார்த்ததில்லை.

"ஆட்டுக்கு மேல் முன்பல் கிடையாது அங்கிள். எந்த ஆட்டுக்கும் கிடையாது," என்றேன். நாற்பது குடும்பத்துக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அதன் பிறகு எல்லா ஆடும் என்னிடம் வந்தது. மாஷா அல்லாஹ், டாக்டர், டாக்டர் என்று. வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எங்களுக்கென்று ஒரு கறுப்புப் பெட்டையைத் தேர்ந்தெடுத்தேன். பளபளவென்று, நல்ல வாட்டம். அப்போது ஜுஹைர் அங்கிள் வந்தார். கேஸ் ஸ்டேஷன் வைத்திருப்பவர், பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, யாரும் கேட்காமலே எல்லா ஆட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர். அதன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது வேணாம்மா. சினை மாதிரி இருக்கு. நம்ம மத்ஹப்ல கூடாதே."

"அது இரைப்பை அங்கிள். தின்னா அப்படித்தான் இருக்கும்."

"இரைப்பை இடப்பக்கம்லம்மா. வலப்பக்கம் பாருங்க."

"நான் பார்த்துட்டேன்."

பார்க்கவில்லை. கை வைக்கக்கூட இல்லை. புத்தகத்தில் கலர்ப் படம் பார்த்தவளுக்குக் கை எதற்கு? கேஸ் ஸ்டேஷன்காரர் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னை நம்பினார்.

உள்ளே இரண்டு குட்டி.

கால், காது, எல்லாம் இருந்தது. டார்ச் அங்கிள்கூட டார்ச்சை அணைத்துவிட்டார். ஜுஹைர் அங்கிள் ஒரு சாக்கை எடுத்து மூடினார். வாப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. யாராவது திட்டியிருக்கலாம்.

1 ஜனவரி 2007, திங்கள்

வாப்பா விடியக்காலையில் தனியாகப் போய் வேறு ஆடு கொடுத்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

6 ஜனவரி 2007, சனி

க்ளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேறு படிப்பா இல்லை? ஷாரிக் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் யாருடைய வயிற்றையும் தடவ வேண்டாம். ஆனால் படுத்தால் அந்தச் சாக்குதான் வருகிறது. போகாவிட்டால் மட்டும் போய்விடுமா?

போனேன். டாக்டர் வீலர் சூயிங்கத்தை நிறுத்தினார். ரூத் அம்மாவின் ஆடுகளுக்கும் அவர்தான் டாக்டராம். எனக்குத் தெரியாது.

"அது நீயா?"

"ஆமாம்."

"கை வைத்துப் பார்த்தாயா?"

"இல்லை."

என் செருப்பைப் பார்த்தார். "பூட்ஸ் வாங்கு. அடுத்த சனிக்கிழமை ஆறு மணி."

17 பிப்ரவரி 2007, சனி

ரூத் அம்மாவின் பண்ணையில் குட்டி போடும் காலம். ஒரு ஆட்டுக்குக் குட்டி குறுக்கே நின்றுவிட்டது. என் கை சின்னது என்பதால் என்னையே கையை விடச் சொன்னார் டாக்டர். உள்ளே சூடு. எது முன்னங்கால், எது பின்னங்கால் என்று தெரியவில்லை. முட்டி எந்தப் பக்கம் மடங்குகிறது என்று தடவிப் பார்த்துப் பார்த்து— இருபது நிமிடம். படத்தில் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கலர் கொடுத்திருப்பான் படுபாவி.

அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது; இரண்டும் உயிரோடு வந்தன. அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று டாக்டருக்குத் தெரியும்.

வீட்டில் பழக்கதோஷத்தில் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தேன். ஆட்டுக்கு மண் வேண்டாம். சோப்பு போதும்.

23 செப்டம்பர் 2007, ஞாயிறு

"உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது எது?" விண்ணப்பத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டுமாம்.

கறுப்பு ஆட்டைப் பற்றி எழுதினேன். நன்றாக வந்தது. ரொம்ப நன்றாக வந்தது, அதுதான் கோளாறு. பணிவு, பாடம், பண்பாடு, கடைசி வரியில் கண்ணீர். வாசித்தால் எனக்கே சீட் கொடுக்கத் தோன்றியது. சாக்குக்கடியில் கிடந்த இரண்டையும் காட்டி இடம் பிடிக்கப் பார்க்கிறாயா? சீ.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மண்ணடி மாடிப்படிப் பூனையைப் பற்றி எழுதினேன். அதற்குத் தினமும் பால் வைத்து அன்பு கற்றேனாம். துடைப்பத்தால் துரத்தியதுதான் உண்மை. எல்லாரும் நாயைப் பற்றிப் பொய் எழுதுகிறார்கள், நான் பூனையைப் பற்றி.

சிபாரிசுக் கடிதம் டாக்டர் வீலருடையது. அதைப் படிக்கும் உரிமை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. அவர் என்ன எழுதிவிடப் போகிறார், "வருவாள். கழுவுவாள்."

18 ஜனவரி 2008, வெள்ளி

நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்வி: பூனையின் பெயர் என்ன? அதற்குப் பெயரே கிடையாது! "மரகதம்" என்றேன். மண்ணடியில் எங்களுக்குக் கீழ்வீட்டு அம்மாவின் பெயர். அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த அம்மாவும் மன்னிக்கட்டும்.

நடுவில் இருந்த பெண்மணி ஒரு தாளை எடுத்தார். டாக்டர் வீலர் முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன்! "பெருநாள் அன்று ஒரு ஆடு என்று இதில் இருக்கிறது. நீங்கள் ஏன் எழுதவில்லை?"

எழுதினேன், அழகாக இருந்தது, அதனால் அழித்துவிட்டேன் என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். ஜுஹைர் அங்கிள் சொன்னதை, நான் கை வைக்காததை, வாப்பா என்னை நம்பியதை. இங்கிலீஷ் தடுமாறியது.

"அப்படியானால் பூனை?"

"துரத்தினேன்."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். முடிந்தது கதை. காரை ஓட்டித் திரும்பும்போது மூன்று மணி நேரமும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

15 பிப்ரவரி 2008, வெள்ளி

கிடைத்துவிட்டது.

வாப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்க்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று வாப்பா.

உம்மா கீழக்கரைக்குப் போன் போட்டிருக்கிறார். மாடிவரை கேட்கிறது. "இல்லக்கா, மனுஷ டாக்டர் இல்ல. ஆட்டு டாக்டர். ஆமா, ஆடு! மாடும்தான். எல்லாம் பார்ப்பா." அந்தப் பக்கத்தில் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். "ஏன்க்கா, அதுக்கென்ன?"

8 டிசம்பர் 2008, திங்கள்

பெருநாள். நாளை மறுநாள் அனாடமி தேர்வு. இருந்தாலும் வந்தேன். உம்மா கொல்லையில் தோண்டிச் சலித்த மண்ணை ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, திரும்பிப் போகும்போது மறக்காதே என்று என் பை பக்கத்திலேயே வைத்திருக்கிறார். இந்தத் தடவை சாணம் கிடையாது. கேட்டுக்கொண்டேன்.

அதே பண்ணை, அதே சேறு. டார்ச் அங்கிள் இந்த வருடமும் டார்ச் கொண்டுவந்திருந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. வாப்பா என்னைப் பட்டிக்குக் கூப்பிடுவாரா என்று வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்து கண்ணாடியைத் தட்டினார். "வாம்மா. ஒண்ணு பாக்கணும்."

பழுப்புப் பெட்டை. நாற்பது குடும்பமும் சுற்றி நின்றது. வலப்பக்கம், அடிவயிறு, மடி என்று கை வைத்துப் பார்த்தேன். திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். ஒன்றும் படவில்லை. இரண்டு மாதச் சினை என்றால் எந்தக் கைக்கும் படாது.

"என்னம்மா டாக்டர்?" என்றார் டார்ச் அங்கிள்.

"தெரியல அங்கிள்," என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஜுஹைர் அங்கிள் வேலியோரம் நின்றார். "நீங்களும் ஒரு தடவை கை வச்சுப் பாருங்க அங்கிள்."

அவர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கும் தெரியலம்மா."

"அப்ப இது வேணாம் வாப்பா."

வாப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது பட்டிக்குள் ஓடிப்போய் மற்றதோடு நின்று வைக்கோல் தின்ன ஆரம்பித்தது.