இறுகிப்போன பிரேக்

பங்குனி, ஞாயிறு. டென்மார்க்கில ஹேர்னிங். ஊரில இருந்து எங்கட குடும்பங்களைக் கூப்பிடுற பைல்களை இந்த நாட்டு மந்திரி மறிச்சு வைச்ச கதை பேப்பரில வந்த வருசம்.

பனி விட்டு இண்டைக்குத்தான் காரை எடுத்தன். பின்சில்லு சுத்தேல்லை. பக்கத்து அறை ராசன் ஜாக்கி வைச்சுக் கழட்டிப் பார்த்தான். உள்ளுக்கெல்லாம் துரு.

“அப்பு, ஹான்ட் பிரேக்கை இழுத்தோ விட்டனீங்கள்?”

“ஊரில அப்பிடித்தானே விடுறது.”

“இஞ்ச கியரில விடவேணும். ஈரம் உறைஞ்சு பிரேக் இறுகிப்போகும். குளிர் முழுக்க ஓடாமல் ஆருக்கு வைச்சிருந்தனீங்கள், டென்மார்க் ராணிக்கோ?”

மனுசியையும் பிள்ளையளையும் விமான நிலையத்தில இருந்து ஏத்திவரத்தான் வாங்கினது. சீற் ஊத்தையாகுமெண்டு பின்னுக்கு ஒருத்தரையும் இருத்தேல்லை. பைல் கிடந்த காலத்தில மனுசி காய்ச்சலில போனாள். பெரியவனை ஷெல் கொண்டுபோச்சு. மந்திரி சுகமாத்தான் இருக்கிறார்.

பிரேக்கை நாளைக்குச் சரிபண்ணித் தாறானாம். ஓம் எண்டன். ஏத்திவர இனி உயிரோட இருக்கிறது சின்னவள் கமலா ஒருத்திதான்.