மோகனாவின் இருபது பாகக் கணக்கு

திருவொற்றியூர்
14-9-2025

அன்புள்ள வெற்றிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ நலம் என்று போனில் சொல்வதை முக்கால்வாசிதான் நம்புகிறேன், இருமல் இங்கே வரை கேட்கிறது. ஹாம்பர்க்கில் குளிர் தொடங்கிவிட்டதாமே, நல்ல ஸ்வெட்டராக ஒன்று வாங்கிக்கொள். நைனாவின் படகு இன்ஜின் வேலை முடிந்து ஒழுங்காகக் கடலுக்குப் போய் வருகிறது. உன் தங்கை விஷயம் ஒன்று, போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

மோகனாவின் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் பொன்ராஜ், அவரவர் வீட்டுத் தொழிலிலிருந்து ஓர் அளவை எடுத்துக் கணக்குப் போட்டு வரச் சொன்னார். இருபது மதிப்பெண், பத்துக்குக் குறைந்தால் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. இவள் படகில் ஆழம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டாள், ஒலி கடலடிக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று. ஆழம் எவ்வளவு என்று நைனாவைக் கேட்டாள், இருபது என்றார். வழக்கம்போல் கணக்கைப் படமெடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள், நீ பார்க்கவில்லை. உடனே மாணவர்கள் பாடம் கேட்கும் இணையதளம் ஒன்றில், சீக்கிரம் போட்டுத் தாருங்கள் என்று எழுதிவிட்டாள். முகம் தெரியாத யாரோ இருபதை மீட்டர் என்று வைத்து முழுக் கணக்கையும் போட்டுக் கொடுக்க, இவள் அழகான கையெழுத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தாள். உன் நைனா என்றைக்கு மீட்டரில் ஆழம் சொல்லியிருக்கிறார், எல்லாம் பாகக் கணக்குதானே?

பொன்ராஜ் காசிமேட்டுக்காரர், கடல் பேச்சு தெரிந்தவர். இன்னாம்மா, இருபது பாகத்துல வலை வுடுறவரு பொண்ணு இருபது மீட்டருன்னு எழுதிக்கினு வந்துகீற, யாரு போட்டுக் குடுத்தது என்று வகுப்பிலேயே கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நோட்டைப் பார்க்காமல் போர்டில் போட வேண்டும், இல்லையென்றால் பூஜ்யம் என்றுவிட்டார்.

நான் வரலாறு படித்தவள், எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. இணையமே வேண்டாம் என்றேன். கேட்பது தப்பா என்று மடக்கினாள். நீ எங்கே கேட்டாய், வேலை வாங்கினாய் என்றேன். இரண்டு நாள் தானே போட்டுப் பார்த்தாள். பிறகு அதே தளத்தில், தான் போட்ட வரிகளை எழுதி, விடை வேண்டாம், எங்கே தவறுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒரு பாகம் என்றால் எத்தனை மீட்டர் என்று ஒரே ஒரு வரி பதில் வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு நைனாவிடம் போனாள். அவர் இரண்டு கைகளையும் விரித்து, இதாம்மே பாகம், அளந்துக்கோ, நான் கொஞ்சம் குட்டை, ரெண்டு வெரல் சேத்துப் போட்டுக்கோ என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை போர்டில் தப்பில்லாமல் போட்டுவிட்டாள். யாரிடம் என்ன கேட்டேன் என்பதையும் தாளின் கடைசியில் எழுதியிருந்தாள். முதலில் செய்ததற்குக் கழித்துக்கொண்டு பன்னிரண்டு கொடுத்தார். அவளுக்கு வருத்தம்தான், எனக்கு இல்லை.

இரண்டு வருடமாக அவள் படம் அனுப்ப, நீ விடை அனுப்புகிறாய். பாசத்தில் செய்கிறாய், தெரியும். நாளை அடுத்த கணக்கு வரும். எதுவரை போட்டாய் என்று கேள், ஒன்றும் போடவில்லை என்றால் சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுப் போனை வை. திட்டுவாள், கேட்டுக்கொள்.

உடம்பும் மனசும் திடமாக இரு, எங்கள் ஆசிகள் எப்போதும் உனக்கு உண்டு. இருமலுக்கு டாக்டரைப் பார்.

அம்மா,
குணசுந்தரி