ஜீப்புக்குப் பின்னால் ஒரு ‘ழு’

ஆத்தா,

இன்று காலை பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். சமையல் அறையிலிருந்து தாளிப்பு வாசம் வந்தது. கடுகு சரியாக வெடித்திருந்தது. கறிவேப்பிலை மட்டும் கருகிவிட்டது. உன் இடத்துக்கு வந்திருப்பவள் நல்ல பிள்ளைதான், ஆனால் அடுப்பு எரியும்போது ரோட்டைப் பார்க்கிறாள். நீயும் சட்டியைப் பார்க்காமல்தான் தாளிப்பாய். உன் காது ஒன்று சட்டியில் இருக்கும், இன்னொன்று வகுப்பறையில் இருக்கும்.

அந்த வாசத்தோடு வீட்டுக்கு வந்து இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். நானேதான் எழுதுகிறேன். உன் அண்ணன். சிரிக்காதே. ‘ஆத்தா’ என்ற சொல்லை எழுதி முடித்தபோது வெயில் வாசற்படியில் இருந்தது. இப்போது கோழிக்கூட்டுக்குப் போய்விட்டது. எனக்கு அவசரம் இல்லை. உனக்கும் இல்லை.

மச்சான் போன பிறகு நீ எங்களோடு வந்து இருந்தாய். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்தது. சமையல் அறைக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர், அதுவும் கூரை வரை போகாத சுவர். மற்றவர்கள் வேலை முடிந்து வந்தால் கால் வலியைச் சொல்வார்கள். நீ பாடத்தைச் சொல்வாய்.

“அண்ணே, நம்ம கொட்டகுடி ஆத்துத் தண்ணி வைகைக்குப் போகுதாம். போடிமெட்டுக்கு அங்கிட்டு விழுற மழை மேக்க போயி வேற கடல்ல சேருதாம். ஒரே மேகந்தான்ணே. மெட்டுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் பேயுதாம்.”

அந்த மெட்டில் நான் நனையாத மழை இல்லை. மட்டக்குதிரைமேல் ஏலக்காய் மூட்டையை ஏற்றி, மூட்டைக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு, நான் நனைந்துகொண்டே நடந்திருக்கிறேன். எந்தத் துளி எந்தக் கடலுக்குப் போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று நீ சொன்னபோது சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு நாள் முருங்கை மரத்தடியில் நின்று இலையைத் தடவிக்கொண்டிருந்தாய். என்னவென்று கேட்டேன். “இதுதான் மரத்துக்குச் சமையக்கட்டாம்ணே. வெயிலுதான் அடுப்பாம். வெறகு வேணாம், கேஸ் வேணாம். என்னயவிடக் கெட்டிக்காரி” என்றாய். கோழிகளிடம் இங்கிலீசில் ‘கம், சிட் டவுன்’ என்பாய். கோழி வரும், உட்காராது. “இதுக நாலாப்புக்குத் தேறாது” என்று நீயே தீர்ப்பும் சொல்வாய்.

ஒருமுறை பிள்ளைகள் டம்ளரும் சொம்புமாக உன் சமையல் அறைக்குள் நுழைந்து அரிசியை அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். நீ கரண்டியைத் தூக்கிக்கொண்டு, “ஒலை வைக்கிற நேரத்துல என்னங்கடா சோலி இது?” என்று விரட்டினாயாம். ஒரு வாண்டு நின்று சொன்னானாம்: “பெரியாத்தா, இது கணக்குப் பாடம். இந்தச் சொம்புல எத்தன டம்ளரு இருக்குன்னு கண்டுபிடிக்கிறோம்.” அன்று சாயங்காலம் நீ நம் வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் இறக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றி அளந்துகொண்டிருந்தாய். மருமகள் மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டு வந்து, சோறு ஆக்க ஒரு சட்டிகூடக் காய்ந்திருக்கவில்லை என்று முனகியது எனக்கு நினைவிருக்கிறது.

நம் பேத்தி ஹரிணி பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் உன் சேலைக்குப் பின்னாலேயே நின்றாள். வகுப்பில் உட்கார்த்தினால் வாய் திறக்கமாட்டாள். டீச்சர் பெயரைக் கேட்டால் கூடத் தரையைப் பார்ப்பாள். காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் நீதான் சாக்கு விரித்து உட்கார வைத்தாய். பெரிய டீச்சரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளே வகுப்புக்குள் போனாள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் சுவருக்கு மேலே வந்த சத்தங்களில் அவள் குரலும் இருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தனியாக, நிறுத்தாமல், சொல்லிக்கொண்டிருந்தாள். நீ அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாயாம். அன்று சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்று சத்துணவு அமைப்பாளர் திட்டியதைக்கூடச் சந்தோசமாகச் சொன்னாய்.

ஆனால் முருகேசனுக்கு அது எதுவும் தெரியவில்லை. என் மகன் கெட்டவன் இல்லை. விடியும் முன்னே மலைக்கு ஆள் ஏற்றிப் போகிறவன், இருட்டும் நேரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து மகளைக் கேட்பான்.

“இன்னிக்கு என்ன படிச்ச?”

“விளையாண்டோம்ப்பா.”

மறுநாளும் கேட்பான். மறுநாளும் அவள் அதையேதான் சொல்வாள். அவனுக்குக் கோபம் ஏறும். போடியிலிருந்து வேன் வருகிறது, அதில் போகும் பிள்ளைகள் டை கட்டியிருக்கின்றன, மூட்டை மூட்டையாக வீட்டுப்பாடம் கொண்டுவருகின்றன, நம் பிள்ளை மட்டும் கல்லையும் புளியங்கொட்டையையும் பாவாடையில் கட்டிக்கொண்டு வருகிறது என்பான்.

“அது கூட்டல் கழித்தல் மருமகனே” என்பாய் நீ. “கொட்டைய வச்சுத்தான் பத்துப் பத்தாக் கட்டுறாக.”

“அத்தே, நீ அங்க சோறாக்கப் போறியா, பாடம் படிக்கப் போறியா?”

“ரெண்டுக்கும் ஒரே சம்பளந்தான் மருமகனே. நீ வேணா வந்து பாத்திரம் கழுவு, ஒனக்கும் நாலு எழுத்து வரும்.”

அவன் சிரித்துவிடுவான். அப்படித்தான் வேன் பேச்சு தள்ளித் தள்ளிப் போனது.

தை மாதம் உனக்கு நெஞ்சு வலித்தது. போடி ஆஸ்பத்திரிக்கு முருகேசன்தான் ஜீப்பில் கொண்டுபோனான். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளைய எடம் மாத்த விட்டுறாதண்ணே. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா” என்றாய். நான் தலையை ஆட்டினேன். திரும்பி வரும்போது ஜீப்பில் உன் பை மட்டும் இருந்தது. முருகேசன் அடிக்கடி வண்டியை ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் ஓட்டினான்.

பங்குனி பிறந்ததும் அவன் சொல்லிவிட்டான்: “சித்திரையில வேன் பள்ளிக்கூடத்துல சேத்துர்றேன். அத்தை இருந்தா சண்டை போட்டிருக்கும். நீ என்ன சொல்ற?”

“இங்கயே நல்லாத்தாண்டா படிக்கிறா.”

“என்ன படிக்கிறா, சொல்லு?”

சொல்லத் தெரியவில்லை, ஆத்தா. ஆறும் மேகமும் இலையும் சொம்பும் என் தலைக்குள் இருந்தன. ஆனால் அவையெல்லாம் நீ சொல்லி நான் கேட்டவை. உனக்குச் சுவர் இருந்தது. எனக்கு நீதான் சுவர். நீ இல்லாமல் அந்தப் பக்கம் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய டீச்சரிடம், “எம் பேத்தி என்ன படிக்கிறான்னு எனக்குத் தெரியணும்” என்றேன். அவர் நாற்காலி போட்டார். “பெரியவங்களுக்கும் சாயங்காலம் வகுப்பு நடத்துறோம். வாங்களேன், நீங்களே படிச்சுப் பாருங்க” என்றார். வயதான காலத்தில் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். உன் நினைப்பு வந்தது. சரி என்றேன்.

என்ன சொல்வது, எனக்குப் பிடித்துவிட்டது! இப்படி ஒரு சந்தோசத்தை என்னிடமிருந்து இத்தனை காலம் யார் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று இருந்தது. முதல் வாரமே சண்டையும் போட்டேன். டீச்சர் பலகையில் எழுதி, “இது ரெண்டு சுழி ன, இது மூணு சுழி ண” என்றார். நான் எழுந்தேன். “குதிரைக்குத்தான் டீச்சர் சுழி பாப்போம். எடந் தப்பிச் சுழி இருந்தா அந்தக் குதிரைய வாங்கமாட்டோம். எழுத்துக்கும் அப்படி உண்டா?” வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, “உண்டுய்யா. எடந் தப்பிச் சுழி போட்டா, பணம் பனமாயிரும்” என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த இரண்டு எழுத்தும் தப்பியதே இல்லை.

பகலிலும் சில நாள் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். ஹரிணியும் மற்ற பிள்ளைகளும் ஏலக்காயை உரித்து விதைகளைப் பரப்பி, காய்க்குள் இருக்கும் மூன்று அறைகளில் அறைக்கு இத்தனை என்று எண்ணி எழுதினார்கள். அந்த விதையை மண்ணில் புதைத்தார்கள். அந்தக் காயை வரைந்தார்கள். அது எந்தச் சாலை வழியாக இறங்கிப் போடிக்கு வருகிறது என்று படம் போட்டு, வளைவுகளை எண்ணினார்கள். அதன் வாசத்தைச் சொல்ல ஆளுக்கொரு சொல் கண்டுபிடித்தார்கள். எங்கே கணக்கு முடிந்தது, எங்கே தமிழ் தொடங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. தரையெல்லாம் தோல். பார்க்கிறவனுக்கு விளையாட்டுத்தான்.

பிறகு அந்த நாள் வந்தது. டீச்சர் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஒரே வேலை கொடுத்தார். ‘ழு’ என்ற எழுத்தைக் கண்டுபிடித்து வர வேண்டும். புத்தகத்தில் இருக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் இருக்கக்கூடாது. ஊரில் எங்காவது இருக்க வேண்டும்.

சாயங்காலம் முருகேசன் வந்தான். வழக்கம்போல மகளைக் கேட்டான். அவள் வழக்கம்போலச் சொன்னாள். அவன் என் பக்கம் திரும்பி, “சரி, பெரிய படிப்பாளி, நீ என்ன படிச்ச?” என்றான்.

என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

“விளையாண்டோம்டா.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. ஹரிணி கைதட்டிச் சிரித்தாள். முருகேசன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லத் தெரியாத அப்பன் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம், அத்தனை மாதத்தில் ஒருநாளும் மகளிடம் கேட்காத கேள்வியை என்னிடம் கேட்டான்.

“என்ன விளையாட்டு?”

ஹரிணி முந்திக்கொண்டாள். ‘ழு’ தேட வேண்டும் என்றாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நேரே ஜீப்பின் பின்னால் போய் நின்றோம்.

அங்கே சிவப்பில் பெரிதாக எழுதியிருக்குமே, இரண்டு பக்கமும் மஞ்சள் பூப்போட்டு. பழைய ஜீப்பாக வாங்கியபோதே இருந்தது. நீ காதால் மட்டும் படித்தவள், எனக்கு அதுவும் இல்லை. அது என்ன சாமி பெயர் என்று நாம் கேட்டதே இல்லை. நான் தினமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். நீ ஆயுத பூசைக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பாய். நான் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். “ஒ... லி... எ... ழு...” ஹரிணி குதித்தாள். “ழு! ழு!” நான் நிறுத்தவில்லை. “...ப்... ப... வு... ம்.”

ஒலி எழுப்பவும்.

ஆத்தா, இத்தனை வருடமும் நாம் கும்பிட்டது ஹாரனை.

“அடப்பாவி! நீ படிச்சவன்தானடா, சொல்லக்கூடாதா?” என்றேன்.

முருகேசன் ஜீப்பில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ரெண்டு பேரும் அம்புட்டு பக்தியாக் கும்பிட்டீக. கெடுக்க வேணாம்னு விட்டேன்ப்பா. அத்தை ஒருநா தேங்காயே ஒடச்சிருச்சு.” சிரித்துக்கொண்டே இருந்தவன், அத்தை என்று சொன்னதும் நிறுத்தினான். நீ வைத்து, எழுத்தில் இன்னும் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் தடவினான். அப்புறம் ஹரிணியைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னால் பானெட்டில் உட்கார வைத்து, “நேத்து என்ன விளையாண்டீங்க?” என்றான். அவள் ஏலக்காயில் ஆரம்பித்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, அப்பன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். முந்தாநாள், அதற்கு முந்தின வாரம் என்று பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். மெட்டுச் சாலையில் அவள் வளைவை எண்ணியபோது மட்டும், “ஒன்ன விட்டுட்ட பாப்பா” என்றான். அவள் விடவில்லை. மறுபடி எண்ணினாள். அவள்தான் சரி.

மறுநாள் வகுப்பில் ராவுத்தர் கடைப் பையன் பள்ளிவாசல் பலகையிலிருந்து ‘தொழுகை’ கொண்டுவந்தான். இன்னொருத்தி ‘மகளிர் குழு’ கொண்டுவந்தாள். எங்கள் ‘ழு’வுக்குத்தான் கைதட்டல் அதிகம். கதையோடு வந்த ‘ழு’ அல்லவா.

சித்திரையில் வேன்காரர் வீட்டுக்கே வந்து கேட்டார். முருகேசன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, “எம் மகளுக்கு இங்க வெளையாடுற சோலி நெறையக் கெடக்குண்ணே. வெரசாப் போங்க, மழை வருது” என்றான். மழை ஒன்றும் வரவில்லை. ஹரிணி இப்போது நாலாவது படிக்கிறாள். நீ கேட்டது நடந்துவிட்டது.

இப்போது நானும் ஒன்று செய்கிறேன். சாயங்காலம் ஜீப் வந்து நின்றால் மலையில் வேலை பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் நம் வாசலில் கொஞ்சம் நின்று தண்ணீர் குடிப்பார்கள் அல்லவா. போன வாரம் ஒரு தாய், மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தவள், என்னிடம் குறைப்பட்டாள். “என்ன படிச்சன்னு கேட்டா விளையாண்டோம்னே சொல்றான் பெரியப்பா. பிள்ளைய வீணாக்கிருவாகளோன்னு பயமா இருக்கு.”

“உக்காரு தாயி” என்றேன். “என்ன விளையாட்டுன்னு கேளு.”

அவள் கேட்டாள். பையன் முதலில் நெளிந்தான். பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எதையோ வரைய ஆரம்பித்தான். அவள் மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தாள். கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, ஒரு பிள்ளை சொல்வது முடியும்வரை கேட்பது. உன்னிடமிருந்து எனக்கு வந்தது அதுதான், ஆத்தா. எழுத்து அதற்குப் பிறகு வந்தது.

உன் அண்ணன்