பாதி சுரண்டிய கத்தி

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதியதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். நாம் இரண்டு பேரும் உயிரோடு இருந்த காலத்தில் அந்த வார்த்தையை ஒருவருக்கொருவர் செலவழித்ததில்லை. இருக்கட்டும். செத்தவனிடம் எதற்குப் பொய்? உன் மேல் எனக்கு அன்பு இருந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் இருந்தது.

முதலில் கடைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி பிறந்துவிட்டது. ஆயுத பூஜைக்குள் சீட்டை மாற்றிவிட வேண்டும் என்று வண்டிச் சீட்டு தைக்கும் நம் அல்லிநகரத்துக் கடை வாசலில் ஜீப்புகள் வழக்கம்போல வரிசை கட்டுகின்றன. எல்லாம் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு மலையேறும் வண்டிகள். ரெக்சின் கிழிந்து, உள்ளே ஃபோம் பஞ்சு நசுங்கி, கம்பி குத்துகிற நிலையில்தான் நம்மிடம் வருவார்கள்.

சுருளிப்பட்டி டிரைவர் நேற்று வந்தார். சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒங்கண்ணன் அறுத்த மாதிரி பஞ்சு அறுக்க இனி ஒரு ஆளு பெறந்துதான்ப்பா வரணும்" என்றார். வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். உன் கையை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், உன் வாயை மறந்துவிட்டார்கள். செத்துப்போனதில் உனக்கு அப்படி ஒரு சௌகரியம்.

நீ போன பிறகு மதினி கடைக்கு வருகிறார். வீட்டிலிருந்த தையல் மிஷினைக் கொண்டுவந்து உன் இடத்திலேயே போட்டுக்கொண்டார். இன்று காலை உன் மேசை டிராயரைக் குடைந்தவர், நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். உன்னுடைய நீளக் கத்தி. ஒரு பக்கம் பாதி சுரண்டிக் கிடந்தது. மறுபக்கம் முழுக்க மஞ்சள் பசை கல்லாகக் காய்ந்திருந்தது. பிடி ஓரத்தில் பசையோடு பசையாகக் கறுப்பாக ஒட்டியிருந்தது உன் ரத்தம்தான். மதினிக்கு அது தெரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

"தம்பி, இதச் சுத்தம் பண்ணிக் குடுங்க. இந்த வருசம் பூசையில வைக்கணும்" என்றார்.

போன வருஷம் பூஜையில் அந்தக் கத்தி இல்லை. ஏன் இல்லை என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

பூஜைக்கு முந்தின நாள், நாலு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொன்னாய்? நான் வெட்டிய பஞ்சு ஓரம் கோணலாக இருக்கிறது என்று அதை ரோட்டில் தூக்கிப் போட்டாய். "நீயெல்லாம் பசை தடவத்தாண்டா லாயக்கு. அதுவும் நான் பாத்துக்கிட்டே இருந்தா" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது அண்ணே. என் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம்.

நீ சாப்பிடப் போனாய். பசை தடவுகிற தகரத் துண்டு என் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. வேறு யாரும் தொடக்கூடாது என்று நீ ஆணியில் மாட்டி வைத்திருந்த கத்தியை எடுத்தேன். பசை டப்பாவில் முக்கி, அதை வைத்தே ஒரு ஜீப் சீட்டு முழுக்கப் பசை தடவினேன். துடைக்காமல் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று எனக்கு நல்ல பசி. நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, பூஜைக்காக வந்த மதினி கடை வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். நீ கத்தியை எடுத்துப் பார்த்தாய். நம் கடையில் முதல் ஆயுதம் அதுதான். வாழையிலையில் அதை நடுவில் வைத்த பிறகுதான் கத்திரியும் சுத்தியலும் வரும். அழுக்குக் கத்தியைச் சாமி முன்னால் வைக்க நீ சம்மதிக்கமாட்டாய். நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருந்தது.

"தின்னர் எங்கடா?" என்றாய்.

"தீந்துபோச்சு" என்றேன்.

பசையை இளக்குகிற அந்தத் தின்னர் டப்பா என் மேசைக்குக் கீழே, என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை. அளவு சொன்னால் மறுபடி அளப்பாய். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் போய் இழுத்துப் பார்ப்பாய். அன்றைக்கு மட்டும் ஏன் நம்பினாய்? ஒருதரம் குனிந்து பார்த்திருக்கக் கூடாதா?

ஒரு பிளேடை எடுத்துக் கத்தியைச் சுரண்ட ஆரம்பித்தாய். அவசரத்தில் பிளேடை உன் கையை நோக்கியே இழுத்தாய். தப்பு என்று எனக்குத் தெரியும், எவனாவது அப்படிச் சுரண்டினால் நீயே அடிப்பாய். நான் கத்திரிக்குச் சந்தனம் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் பிளேடு வழுக்கியது. கட்டைவிரல் அடியில் ஆழமாக இறங்கியது.

துணியைச் சுற்றிக்கொண்டு, கத்தியை நியூஸ்பேப்பரில் சுருட்டி டிராயரில் வீசினாய். அந்தக் கையாலேயே தேங்காய் உடைத்தாய். சர்க்கரை உள்ள உடம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன மதினியை வாயை மூடு என்றாய். அப்புறம் விரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள். பிறகு மணிக்கட்டு வரை எடுத்தார்கள். தை மாதம் நீயே போய்விட்டாய்.

விரலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அழுதது நிஜம். இனி இவன் கத்தியைப் பிடிக்க முடியாது என்று ஒரு நிமிஷம் உள்ளுக்குள் குளிர்ந்ததும் நிஜம். அந்த ஒரு நிமிஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று மதினி எதிரே உட்கார்ந்திருக்க, நான் கத்தியைச் சுத்தம் செய்தேன். பழைய துணியைத் தின்னரில் நனைத்து அலகு முழுக்கச் சுற்றினேன். காற்றுப் புகாமல் மேலே ஒரு பாலிதீன் பையைக் கட்டினேன். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டேன். பிரித்தபோது பசை உப்பி, இளகி, விரலால் தள்ளினாலே அவித்த முட்டைத் தோல் மாதிரி கழன்று வந்தது. துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவினேன். உன் ரத்தமும் அந்தத் துணியோடு போய்விட்டது.

மதினி கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? அப்ப அவுக எதுக்குத் தம்பி சொரண்டுனாக?"

"அன்னைக்குத் தின்னர் தீந்துபோச்சு மதினி."

பார் அண்ணே, இரண்டாவது தடவையும் அதே பொய். நாக்கு பழகிவிட்டது. மதினி கத்தியைக் கீழே வைத்தார்.

"தீரலையே. அன்னைக்குக் காலையில வந்ததும் கடையில இருந்த டப்பா எல்லாத்துக்கும் நாந்தான சந்தனம் வச்சேன். ஒங்க மேசைக்குக் கீழ இருந்த தின்னர் டப்பாவ இழுத்துப் பொட்டு வச்சுட்டுத் திரும்ப உள்ள தள்ளுனேன். கனமா இருந்துச்சே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பசையிலிருந்து டப்பா வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் சொல்லவில்லை. அது உனக்கு மட்டும்.

மதினி அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். மிஷின் மேல் இருந்த ரெக்சினை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு வராதீக. கடைய விட்டு ஓடியும் போயிராதீக. ஒங்க மூஞ்சிய நான் தெனமும் பாக்கணும். என் மூஞ்சிய நீங்க பாக்கணும். நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்து தொறங்க."

திறப்பேன் அண்ணே. நாளைக்கும் அதற்கு மறுநாளும், மதினி போதும் என்று சொல்கிறவரை திறப்பேன். அவர் சொல்லமாட்டார், எனக்குத் தெரியும். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ இருந்திருந்தால் தந்திருக்கமாட்டாய். ரோட்டில் விழுந்த அந்தப் பஞ்சுக்காக நானும் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படிக்கு,
உனக்கு அடுத்துப் பிறந்து, உன்னைக் கொன்ற தம்பி