குடை விரியாத தொடர்

விஸ்வநத்தம்,
12.5.2008

திருப்பூரில் உழைக்கும் என் துணைவிக்கு,

நானும் கனல்மொழியும் நலம். அங்கே வெயில் எப்படி என்று அவள் கேட்கிறாள்.

புறப்பட்ட அன்று அவளிடம், "மந்திரக்குடைச் சிறுமியோட அடுத்த தொடர் வரயில வந்துருவேன், சேந்து பாப்போம்" என்றாய். அந்தச் சப்பானிய அசைபடத்தின் கிளைத் தொடர் சென்ற வாரம் தொடங்கிவிட்டது. சிறுமி அதில் ஓரமாக நிற்கிறாள். அவள் வளர்த்த முயல்தான் நாயகன். அது உணவகம் நடத்துகிறது. ஆறு நாளாகியும் குடை ஒருமுறைகூட விரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டாம் நாளே எழுந்து போய்விட்டார்கள். நம் மகள் மட்டும் அசையாமல் பார்க்கிறாள்.

"நன்றாக இல்லையே, அணைத்துவிடட்டுமா?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்கப்பா. நல்லால்லன்னு தெரிஞ்சா அம்மா வரமாட்டாக. சூப்பரா இருக்குன்னு எழுதுங்க. மேடையில பேசுற மாதிரி எழுதிராதீக, அம்மா நம்பமாட்டாக."

நீ வேலை பார்த்த ஆலையின் வாயிலில் சங்கத்துக்காக நான் முழங்கிய அரைமணி நேரம் உன் வேலையைப் பறித்தது. போதும் என்று நீ என் சட்டையைப் பிடித்திழுத்தாய், நான் நிறுத்தவில்லை. என் மனைவி என்றதும் இங்கே எல்லாக் கம்பெனிகளும் இன்னும் கதவைச் சாத்துகின்றன. உன்னை வா என்றழைக்க எனக்கு வாயில்லை.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியைத் தானே படித்துப் பார்த்த பிறகே உறையை ஒட்ட வேண்டும் என்கிறாள் மகள். அவளுக்காக எழுதுகிறேன்.

புதுத் தொடர் சூப்பரா இருக்கு. சீக்கிரம் வா.

உன் கணவன்